மலைப் பசங்க நேவிக்கு போகலாம், நீச்சல மட்டும் கத்துக்குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல நம்ம மாவட்ட வாசகர் ஒருத்தர் எழுதியிருந்த கடிதத்த படிச்சேன். நீலகிரி பசங்க கடற்படைக்கு அப்ளிகேஷன் போடுறது வீண் வேலை, மலையில வளந்தவனுக்கு கடல் ஒத்துக்காது, பக்கத்துலயே வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருக்கு, ஆர்மிதான் நமக்கு சரின்னு எழுதியிருந்தார். நல்ல மனசோடதான் எழுதியிருக்கார், அதுல சந்தேகம் இல்ல. ஆனா நான் கோத்தகிரி பக்கம் டேன்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல வளந்து, 1985ல நேவில சேந்து, முக்காவாசி சர்வீஸ எஞ்சின் ரூம்லயே ஓட்டி, சீஃப் பெட்டி ஆபீசரா வெளிய வந்தவன், எங்க வீட்டுல இருந்து அடுத்த தலைமுறையும் இப்ப அங்க போயிருக்கு, அதனால பதில் எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் நீளமா போகும், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, நீச்சல் பத்தி எழுதியிருக்கறத மட்டும் வெட்டிடாதீங்க.

முதல்ல இந்த ஒத்துக்காதுங்கற பேச்சு. கடல்ல வாந்தி வர்றதுக்கும் பொறந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லீங்க. காதுக்குள்ள பேலன்ஸ் பாக்கற உறுப்பு ஒண்ணு இருக்கு, அது ஆடுதுன்னு சொல்லும், கண்ணு எதிர்ல இருக்கற இரும்பு சுவத்த பாத்துட்டு ஆடலையேன்னு சொல்லும், ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொன்னா மூளை குழம்பி வயித்த பொரட்டிடும். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு நம்ம ஜனங்க படுற பாடும் இதே சமாச்சாரம்தான். அப்படி பாத்தா நம்ம பசங்க சின்ன வயசுலயே ட்ரெய்னிங் எடுத்தவங்க. இங்கிலீஷ்காரன் தலையில வெச்சு கொண்டாடுற அட்மிரல் நெல்சனுக்கே கடைசி வரைக்கும் கடல் ஒத்துக்காதாம். என் கூட தூத்துக்குடில மீன்பிடி குடும்பத்துல இருந்து வந்த பையன் ஒருத்தன் இருந்தான், நடக்க ஆரம்பிச்சதுல இருந்தே வள்ளத்துல போனவன், முதல் தடவை கப்பல் வெளிய போனப்ப பங்க்ல படுத்தவன் எந்திரிக்கவே இல்ல, ஏன்னா வெளிக்காத்துல வள்ளம் ஆடுற ஆட்டம் வேற, மூடின ரூமுக்குள்ள டீசல் வாசனையோட ஆடுற ஆட்டம் வேற.

அப்புறம் ஆர்மிக்கு போயிட்டா கடலே கெடையாதுன்னு அவர் நெனச்சுக்கிட்டிருக்கார் போல. 1987ல இருந்து 90 வரைக்கும் அமைதிப்படை இலங்கைல இருந்துச்சே, அந்த ஜவான்கள எதுல கொண்டு போனாங்க? பிளேன்ல கொஞ்சம் பேர், எங்க கப்பல்லயும் நெறைய பேர். நான் அப்ப விசாகப்பட்டினத்துல ஒரு சின்ன லேண்டிங் ஷிப்ல இருந்தேன். இந்த வகை கப்பலுக்கு அடிப்பக்கம் தட்டையா இருக்கும், அப்பதான் கரையில மணல் மேலயே ஏறி முன்கதவ தொறந்து வண்டிகள எறக்க முடியும், ஆனா அந்த தட்டையான அடிதான் நடுக்கடல்ல எங்களுக்கு எமன், மத்த கப்பல் லேசா அசையற அலைக்கே இது கவுந்துடற மாதிரி சாயும். கீழ டேங்க் டெக்ல லாரிகளுக்கு நடுவுல ஜவான்க படுத்திருப்பாங்க. ஒரு தடவை வாட்ச் முடிச்சு மேல வரும்போது வாளிய கட்டிப்புடிச்சு உக்காந்திருந்த ஒருத்தர் தமிழ்ல முனகுறது கேட்டுச்சு, எந்த ஊருண்ணேன்னு கேட்டா வெலிங்டன்ல ட்ரெய்னிங் எடுத்தவராம், ஜெகதளா பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்களாம். அவருக்கு உப்பு பிஸ்கட்டும் எலுமிச்சம்பழமும் குடுத்து கப்பலுக்கு நடுப்பகுதில, ஆட்டம் கம்மியா இருக்கற எடமா பாத்து படுக்க வெச்சேன். தம்பி, எந்த மலையில வேணா சண்டை போடுறேன், இதுல இருந்து என்னை எறக்கி விடுன்னார்.

எங்க குடும்பத்துக்கும் கடலுக்கும் உள்ள கணக்கு அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சது. நாங்க இலங்கை தேயிலைத் தோட்டத்துல இருந்து தாயகம் திரும்பினவங்க. 1964ல ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு அங்க இருந்த இந்திய வம்சாவளி ஜனங்கள்ல 5,25,000 பேர இந்தியாவுக்குன்னும் 3,00,000 பேர சிலோனுக்குன்னும் பிரிச்சாங்களே, அந்த கணக்குல இந்தியா பக்கம் விழுந்த குடும்பம். அப்பாவோட கூடப் பொறந்த தம்பிக்கு அங்க பிரஜாவுரிமை கெடச்சுது, எங்களுக்கு இங்க பாஸ்போர்ட். தலவாக்கலை பக்கத்து தோட்டத்துல இருந்து 1973ல கோச்சி, அதாவது ரயில் ஏறி தலைமன்னார் வந்து, அங்கிருந்து ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப், அப்புறம் கோத்தகிரி. டேன்டீ தோட்டம் 1968ல ஆரம்பிச்சதே எங்கள மாதிரி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான். எனக்கு அப்ப ஆறு வயசு. அந்த கப்பல்ல அம்மா வழி பூரா வாந்தி எடுத்துக்கிட்டும் அழுதுக்கிட்டும் வந்துச்சாம், நான் மட்டும் டெக்ல ஓடிக்கிட்டே இருந்தேன்னு அக்கா இன்னிக்கும் சொல்லும். அம்மாவுக்கு கடல்னா தன்னோட ஜனத்த அந்தப் பக்கம் விட்டுட்டு வந்த தண்ணி, அவ்வளவுதான். பக்கத்து லைன்ல இருந்த அண்ணன் கொண்டாந்து குடுத்த எம்ப்ளாய்மென்ட் நியூஸ் பேப்பர பாத்து நான் நேவிக்கு எழுதிப்போட்டு செலக்ட் ஆனப்ப, மறுபடியும் அந்த தண்ணி மேலயாடான்னு கேட்டுட்டு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. அப்பா மட்டும்தான், மாசா மாசம் சம்பளம் வருமில்ல, போகட்டும் விடுன்னார்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ஒடிசாவுல சில்கா ஏரிக்கரையில ஐஎன்எஸ் சில்கான்னு ட்ரெய்னிங் சென்டர் இருக்கு, 1980ல ஆரம்பிச்சது, நேவில மாலுமியா சேர்ற எல்லாரும் முதல்ல அங்கதான் போகணும், இன்னிக்கு அக்னிவீர் பசங்களுக்கும் அதேதான். மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி மெட்ராஸ் போயி, அங்கிருந்து வடக்க போற வண்டில பாலுகாவ் ஸ்டேஷன்ல எறங்கினோம். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டே வளந்தவனுக்கு அந்த வெயில் புதுசுதான், ஆனா வெயில் ஒரு மாசத்துல பழகிடுச்சு. ஓட்டம் எனக்கு பிரச்சனையே இல்ல, ஆறாயிரம் அடிக்கு மேல மேடும் பள்ளமுமா ஓடி ஸ்கூலுக்கு போனவன் சமதரைல ஓடினா மூச்சே வாங்காது, பஞ்சாப் பசங்களே பின்னாடி நின்னாங்க. தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு விடியக்காலைல எந்திரிக்கற வீட்டுல வளந்தவனுக்கு காலைல விசில் அடிச்சு எழுப்பறதும் பழகினதுதான்.

மாட்டினது நீச்சல் குளத்துலதான். எங்க லைன்ல இருந்த தண்ணின்னா ஒரு பைப்பும் ஒரு ஓடையும், ஓடையில முழங்கால் நனையும், அதுவும் டிசம்பர்ல கால வெச்சா வெரச்சுடும். மொத்த ஒடம்பும் தண்ணிக்குள்ள போறதுன்னா என்னன்னே எனக்கு தெரியாது. சில்காவுல முதல் நாளே நீச்சல் தெரிஞ்சவன் எல்லாம் இந்தப் பக்கம், தெரியாதவன் அந்தப் பக்கம்னு பிரிச்சுட்டாங்க. தெரியாத கூட்டத்துல ராஜஸ்தான் பசங்க இருந்தாங்க, இமாச்சல் பசங்க இருந்தாங்க, நானும். இன்ஸ்ட்ரக்டர் குளத்து ஓரமா நீள மூங்கில் கம்போட நடந்து வருவார், முழுகப் போறோம்னு தெரிஞ்சா கம்ப நீட்டுவார், எட்டிப் புடிக்கறதுக்குள்ள ஒரு மொழம் பின்னாடி இழுத்துக்குவார், இன்னும் கொஞ்சம் கைய அடி, இன்னும் கொஞ்சம்னு இந்தில கத்துவார், நம்ம காதுக்குள்ள தண்ணி, மூக்குக்குள்ள குளோரின், இந்தியும் புரியாது, கம்பு மட்டும்தான் தெரியும். இதுக்கு மேல, உயரத்துல பலகை ஒண்ணு இருக்கும், கைய மார்போட கட்டி கால சேத்து வெச்சு நேரா குதிக்கணும், கப்பல் முழுகிச்சுன்னா டெக்ல இருந்து அப்படித்தான் குதிச்சாகணும்னு அதுக்கு காரணம். மத்தவங்க சாயங்காலம் வாலிபால் ஆடும்போது நாங்க குளத்துல, ஞாயித்துக்கெழமையும் குளத்துல. டெஸ்ட்ல தேறலன்னா அடுத்த பேட்ச்சுக்கு தள்ளிடுவாங்கன்னு ஒரு பயம் எப்பவும் வயித்துல இருக்கும், பரேடு கிளாஸ் எல்லாத்துலயும் நல்லா பண்ணினாலும் அந்த பயம் மனுஷன தின்னுடும். அங்க இருந்தப்ப நான் அழுதது இந்த குளத்துக்காக மட்டும்தான். அஞ்சாங்கிளாஸ்லயே யாராவது சொல்லிக்குடுத்திருந்தா இந்த கஷ்டம் தேவையே இல்ல.

அதுக்கப்புறம் எஞ்சின் வேலை கத்துக்க எங்க அனுப்பினாங்கன்னு நெனக்கறீங்க? லோனாவ்லாவுக்கு. ஐஎன்எஸ் சிவாஜி, 1945ல இருந்து இருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை மேல. நம்ம கூடலூர்ல பெய்யற மாதிரியே ஜூன்ல ஆரம்பிச்சா நிக்காத மழை, பனிமூட்டம், ஷூ எல்லாம் பூஞ்சை புடிக்கும். கடற்படை எஞ்சின்காரங்கள உருவாக்குறதே ஒரு மலையில, ஸ்டாஃப் காலேஜ்ல படிக்க நேவி ஆபீசருங்க வருஷா வருஷம் குடும்பத்தோட வர்றது நம்ம வெலிங்டனுக்கு, அப்புறம் மலைக்கும் நேவிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா என்ன சொல்றது.

இன்னொண்ணும் சொல்லணும். நேவின்னாலே வெள்ளை டிரஸ், டெக் மேல நின்னு கடல பாக்கறதுன்னு பசங்க நெனக்கறாங்க. எஞ்சின் ரூம் ஆளு கடல பாக்கறதே அபூர்வம், நாங்க தண்ணி மட்டத்துக்கு கீழ இருப்போம். பின்னாடி நான் விராட்ங்கற விமானம் தாங்கி கப்பல்ல இருந்தேன், அது நீராவி கப்பல், பழைய பிரிட்டிஷ் ஹெர்மெஸ், 1987ல நம்ம நேவிக்கு வந்து 2017ல ஓய்வு குடுத்தாங்க. அதோட பாய்லர் ரூம்ல நிக்கும்போது கைப்பிடிய வெறுங்கையில தொட முடியாது, இடுப்புல எப்பவும் வேஸ்ட் துணி சொருகியிருக்கும். சத்தத்துல பேச்சு கேக்காது, எல்லாம் கை ஜாடைதான், ரெண்டு விரல் காட்டினா ஒரு அர்த்தம், தலைய தட்டினா ஒரு அர்த்தம். ராத்திரி 12ல இருந்து 4 வரைக்கும் மிடில் வாட்ச், அதுதான் ரொம்ப மோசம், முன்னாடியும் முழுசா தூங்க முடியாது, பின்னாடியும் முடியாது. வாட்ச் முடிஞ்சு படிக்கட்டுல ஏறி மேல வந்து குளுந்த காத்து மூஞ்சில அடிக்கும்போது கோத்தகிரி ஞாபகம் வரும், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அந்த நாலு மணி நேரம் ஓடும். ஆவி பறக்கற தேயிலை ஃபேக்டரி டிரையர் பக்கத்துல வேலை பாத்த எங்க அப்பா ஒரு தடவை வந்து பாத்தார்னா அசந்துருப்பார், ஆனா குடும்பத்த அங்க விட மாட்டாங்க.

குடும்பம்னு சொன்னதும் என் வீட்டம்மா பத்தி எழுதலன்னா சாப்பாடு கெடைக்காது. கல்யாணம் ஆன புதுசுல குவார்ட்டர்ஸ் கெடைக்கல, வெயிட்டிங் லிஸ்ட், அதனால அவ கோத்தகிரில அம்மாகூட. அப்ப செல்போன் ஏது, லெட்டர்தான். பேரு, நம்பர், கப்பல் பேரு, கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ்னு எழுதிப் போடணும், கப்பல் எங்க இருக்குன்னு அவளுக்கும் தெரியாது, தபால்காரருக்கும் தெரியாது, ஃப்ளீட் மெயில் ஆபீஸ்க்கு மட்டும் தெரியும், அவங்க சேத்து வெச்சு கப்பல் எந்த துறைமுகத்துக்கு வருதோ அங்க மூட்டையா அனுப்புவாங்க. முன்னாடி போட்டது பின்னாடி வரும், பின்னாடி போட்டது முன்னாடி வரும். அதனால கவர் மேல மூலையில அவ நம்பர் போட ஆரம்பிச்சா. ஒரு தடவை 7ம் நம்பர் லெட்டர்ல பையன் இப்ப நல்லா வெளையாடுறான், கவலைப்படாதீங்கன்னு இருந்துச்சு, எதுக்கு கவலைப்படணும்னே எனக்கு தெரியல. அடுத்த துறைமுகத்துல 5ம் நம்பர் வந்துச்சு, பையனுக்கு ஜுரம் எறங்கவே இல்ல, குன்னூர் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறோம்னு. பையன் சரியாயிட்டான்னு தெரிஞ்சே படிக்கறேன், ஆனாலும் கை நடுங்குச்சு. 6ம் நம்பர் வரவே இல்ல. அதுல என்ன எழுதினன்னு இன்னி வரைக்கும் கேட்டாலும் சொல்ல மாட்டா, வந்திருந்தா நீங்க சண்டைக்கு வந்திருப்பீங்கன்னு மட்டும் சொல்லுவா. நேவிக்கு பையன அனுப்புற பெத்தவங்களும், நேவிக்காரனுக்கு பொண்ணு குடுக்கறவங்களும் இத தெரிஞ்சுக்கிட்டு குடுங்க. அக்னிவீர் வர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் லீவுன்னு விளம்பரத்துல இருந்துச்சு, அது உண்மைதான், ஆனா லீவு எத்தன நாள்னாலும் நமக்கு வேணுங்கற நாள்ல அது வராது. மாரியம்மன் பண்டிகைக்கும் வராது, பிரசவத்துக்கும் வராது. இப்ப வாட்ஸ்அப் இருக்கேம்பாங்க, கப்பல் வெளிய போயிட்டா சிக்னலும் கெடையாது, எங்க இருக்கோம்னு சொல்லவும் கூடாது.

குவார்ட்டர்ஸ் கெடச்சு குடும்பம் விசாகப்பட்டினம் வந்ததுக்கப்புறம் நெலம மாறுச்சு. முதல் வருஷம் வெயில்ல பசங்களுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு, ஆனா ஆறே மாசத்துல தெலுங்கு பேசுச்சுங்க, அத விட முக்கியம் நீச்சல் கத்துக்கிச்சுங்க. என் பையனும் பொண்ணும் மீன் மாதிரி போவாங்க, அதே வயசுல இருந்த என் அக்கா பசங்க கோத்தகிரில தண்ணிய கண்டா ஓடும். ஒரே ரத்தம், ஒரே வம்சம், வளந்த எடம்தான் வித்தியாசம். ஒரு டிசம்பர்ல அம்மாவ கூட்டிட்டு வந்தேன், டிசம்பர் 4 நேவி டே, 1971ல கராச்சி துறைமுகத்த அடிச்ச நாள், அதுக்காக ராமகிருஷ்ணா பீச்ல கப்பல், ஹெலிகாப்டர் எல்லாம் வெச்சு பொதுமக்களுக்கு செஞ்சு காட்டுவாங்க, ஊரே திரண்டு நிக்கும். அம்மா மணல்ல கடலுக்கு முதுக காட்டி உக்காந்துக்கிட்டு கூட்டத்த பாத்துக்கிட்டிருந்துச்சு. பேரன் புடிச்சு இழுக்கறான், ஆத்தா திரும்பு, அப்பா கப்பல் வருதுன்னு. திரும்பி ஒரு பார்வை பாத்துட்டு, இது ராமானுஜத்த விட பெருசுதான்னு சொல்லிட்டு மறுபடி திரும்பிக்கிச்சு.

இலங்கைக்கு நான் போனத பத்தி அம்மாகிட்ட ரொம்ப நாள் சொல்லல. அமைதிப்படை சமயத்துல திருகோணமலை துறைமுகத்துல எங்க கப்பல் நின்னுச்சு. அம்மா பொறந்த நாட்டுக்கு நான் பாஸ்போர்ட் இல்லாம வந்திருக்கேன், சித்தப்பா இருக்கற தலவாக்கலை அங்கிருந்து ஒரு நாள் பயணம்தான், ஆனா கப்பல விட்டு எறங்க அனுமதி இல்ல. அந்த சண்டை சரியா தப்பான்னு பேச இது எடமில்ல, அத பேச தகுதியான ஆளுங்க வேற. நான் பாத்தது துறைமுகமும், அதுக்கு மேல பாறை உச்சியில கோணேசர் கோயிலும் மட்டும்தான்.

ரெண்டாவது தடவை போனது 2004 சுனாமிக்கு. டிசம்பர் 26 காலைல அலை அடிச்சுது, நம்ம கரையே நாசமாகிக் கெடந்தப்பவும் அன்னிக்கே இலங்கைக்கு உதவி கெளம்பிடுச்சு, ஆபரேஷன் ரெயின்போன்னு பேரு, காலி, திருகோணமலை, கொழும்புன்னு கப்பல்கள் போச்சு. எங்க கப்பல் திருகோணமலைக்கு. நான் வழக்கம் போல கீழ எஞ்சின் ரூம்ல. தமிழ் தெரிஞ்சவன் யாருன்னு கேட்டு மைக்ல கூப்பிட்டாங்க, ஆயில் டிரஸ்ஸோடயே மேல ஓடினேன், டாக்டர் பேசறத ஜனங்களுக்கு சொல்லணும், ஜனங்க சொல்றத டாக்டருக்கு சொல்லணும். கரையில அத்தன பேரும் கேட்டது ஒண்ணே ஒண்ணு, தண்ணி. கெணறு எல்லாத்துலயும் கடல் ஏறி உப்பாயிடுச்சு. ஒரு பாட்டிம்மா பாட்டில் தண்ணிய வாங்கி மோந்து பாத்துட்டு, நாக்குல ஒரு சொட்டு விட்டு பாத்துட்டு, அப்புறம்தான் பேரனுக்கு குடுத்துச்சு. தம்பி எந்த ஊருன்னு கேட்டுச்சு. தலவாக்கலைன்னு வாயில வந்துடுச்சு, கோத்தகிரின்னு வரல. அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட முடிஞ்சப்ப விஷயத்த சொன்னேன். அம்மா கேட்டது, கோணேசர் கோயில் இருக்காடா. அது பாறை உச்சியில இருக்கு, ஒண்ணும் ஆகலம்மான்னேன். சரி, அந்த ஜனத்துக்கு சோறு போட்டுட்டு வான்னு வெச்சிடுச்சு. அதுக்கப்புறம் நேவி பத்தி அம்மா ஒரு வார்த்தை கொறை சொன்னதில்ல.

இப்ப எங்க அக்கா பேத்தி. அக்னிவீர் திட்டத்துல 2023 மார்ச்ல சில்காவுல பாஸ் ஆன முதல் பேட்ச்ல 273 பொண்ணுங்க இருந்தாங்க, நேவி சரித்திரத்துலயே மாலுமியா பொண்ணுங்க வந்தது அப்பதான் முதல் தடவை. அத டிவில பாத்துட்டு இந்தப் புள்ள, சின்னத் தாத்தா நானும் எழுதறேன்னு வந்து நின்னா, அடுத்து வந்த பேட்ச் ஒண்ணுல எடுத்தாங்க. ஓட்டம் எல்லாம் ஊதித்தள்ளிட்டா, 1.6 கிலோமீட்டர பொண்ணுங்க 8 நிமிஷத்துல ஓடணும், பசங்க ஆறரை நிமிஷத்துல, கோத்தகிரி ரோட்டுல தினம் ஓடற புள்ளைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா. சில்கா போயி முதல் போன் பண்ணினப்ப அவ சொன்னது என்ன தெரியுமா, தாத்தா நீச்சல் தெரியாதவங்க லைன்ல நிக்க வெச்சுட்டாங்க. 1985ல நான் நின்ன அதே லைன். இத்தன வருஷத்துல மலை மேல ரிசார்ட்டு வந்துச்சு, வியூ பாயின்ட்டு வந்துச்சு, எஸ்டேட் புள்ளைக்கு நீச்சல் கத்துக்க ஒரு எடம் வரல. புள்ள கத்துக்கிட்டா, பாஸும் ஆயிட்டா, ஆனா அந்த பயத்த அவ ஏன் படணும்?

அக்னிவீர் பத்தி என்கிட்ட நெறைய பேர் கேக்கறாங்க. எனக்கு கெடச்ச பென்ஷனும் ஆஸ்பத்திரி வசதியும் இந்தப் புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கெடைக்காது, நாலு வருஷம் சர்வீஸ், 100ல 25 பேர் வரைக்கும்தான் ரெகுலரா எடுப்பாங்க, மத்தவங்க சேவா நிதிங்கற மொத்தத் தொகை சுமார் 11.71 லட்சத்தோட வெளிய வரணும். இந்த திட்டம் எனக்கு பிடிக்கல, வெளிப்படையாவே சொல்றேன், ஒரு மாலுமி உருப்படியா வேலை கத்துக்கவே நாலு வருஷம் ஆகும். ஆனா இன்னிக்கு இருக்கற வாசல் இதுதான், தெரிஞ்சு போங்க, கடன் வாங்கி கல்யாணம் வீடுன்னு இந்த வேலைய நம்பி எறங்கிடாதீங்க.

போக நெனக்கற பசங்களுக்கு இன்னும் சிலது. உயரம் பசங்களுக்கு 157 சென்டிமீட்டர் போதும், ஆர்மில நம்ம பக்கத்துக்கு ஜெனரல் டியூட்டிக்கு கேக்கறத விட இது கம்மி, எஸ்டேட் பசங்க பல பேர் உயரத்துலதான் அடிபடுறாங்க, அவங்களுக்கு நேவி நல்ல வாய்ப்பு, இத அந்த வாசகர் கவனிக்கல. மாலுமி வேலைக்கு எஸ்எஸ்ஆர், எம்ஆர்னு ரெண்டு வழி இருக்கு, எஸ்எஸ்ஆர் என்ட்ரிக்கு பிளஸ் டூ வழியா போனா மேத்ஸ் பிசிக்ஸ் இருக்கணும், பத்தாங்கிளாஸ் முடிச்சு குரூப் எடுக்கும்போதே யோசிச்சுக்கோங்க, எம்ஆர் என்ட்ரிக்கு பத்தாங்கிளாஸ் போதும். பரீட்சை இந்திலயும் இங்கிலீஷ்லயும் மட்டும்தான், தமிழ்ல கெடையாது, அது அநியாயம்தான், ஆனா அதுக்காக காத்துக்கிட்டு இருந்தா வயசு போயிடும். மெடிக்கல் போறதுக்கு முன்னாடி காதுல அழுக்கு எடுத்து, பல்லு கறைய சுத்தம் பண்ணிட்டு போங்க, சிரிக்காதீங்க, நேவி அறிவிப்புலயே இது போட்டிருக்கும், குளிருக்கு காத மூடி மூடி வளந்த பசங்களுக்கு இதுலயே திருப்பி அனுப்பின கதை எனக்கு தெரியும்.

கடைசியா நீச்சல். பெரிய போர்டிங் ஸ்கூல்லயும் ராணுவ ஏரியாவுலயும் குளம் இருக்கு, அரசுப் பள்ளி பசங்களுக்கு அது கெடைக்காது. ஏரியிலயும் டேமுலயும் போயி கத்துக்கோன்னு சொல்லவே கூடாது, அந்த குளுந்த தண்ணில திடீர்னு எறங்கினா மூச்சு அடைச்சு கை கால் இழுத்துக்கும், அடியில சேறும் பாசியும் வேற. நம்ம ஜனங்க கீழ மேட்டுப்பாளையத்துக்கு எறங்கி பவானி ஆத்த பாத்ததும் குதிச்சுடறாங்க, மேல பில்லூர்ல தண்ணிய தொறந்து விட்டா நிமிஷத்துல மட்டம் ஏறுது, அடிக்கடி உங்க பேப்பர்லயே அந்த செய்திய படிக்கறோம். அதனால இது நேவிக்கு போறவனுக்கு மட்டும் இல்ல, எல்லா புள்ளைங்களுக்கும் வேணும். மாவட்ட நிர்வாகம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரில ஏதாவது ஒரு எடத்துல கூரை போட்டு வெந்நீர் வசதியோட ஒரு குளம் கட்டினா நல்லது, கட்டறதுக்கு வருஷக்கணக்காகும்னு எனக்கு தெரியும். அது வரைக்கும் பரீட்சை முடிஞ்ச லீவுல அரசுப் பள்ளி பசங்கள கோயமுத்தூருக்கு கூட்டிட்டு போயி அங்க இருக்கற குளத்துல ரெண்டு வாரம் சொல்லிக்குடுக்கலாம். நானும் குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கற பழைய நேவி ஆளுங்க சில பேரும் காசு வாங்காம சொல்லிக்குடுக்க தயாரா இருக்கோம், மூங்கில் கம்பு நான் கொண்டாந்துடறேன். போக வர வண்டி, பசங்க தங்க ஒரு ஸ்கூல் கட்டடம், சாப்பாடு, இத ஏத்துக்கறவங்க உங்க பேப்பர் மூலமா தொடர்பு கொண்டா போதும். மே மாசம் டூரிஸ்ட் கூட்டத்துல ரோடு அடைச்சுக்கும், அதுக்கு முன்னாடியே எறங்கிடணும். பொண்ணுங்களுக்கு சொல்லிக்குடுக்க லேடி கோச் ஒருத்தர் வேணும், அது மட்டும் எங்ககிட்ட இல்ல.

இப்படிக்கு,
முன்னாள் சீஃப் பெட்டி ஆபீசர், இந்திய கடற்படை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.